இருபத்து நான்காவது கோல்

போமிக்குக் கிடைத்த தண்டனை இருபது மணி நேரம். அவள் செய்த குற்றம் ஒரு கடிகாரம்.

மார்ச் மாதத்தில் மாகாணப் போட்டியில் தோற்றுவிட்டுத் திரும்பிய அன்று, பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஆத்திரத்தோடு அவள் விட்டெறிந்த தண்ணீர்ப் புட்டி சுவர்க்கடிகாரத்தில் போய் மோதியது. கடிகாரம் கழன்று விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளித் துணைத் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அடி படவில்லை. ஆனாலும் ஒழுங்குக் குழு கூடியது. ‘வெளியே ஏதாவது ஒரு நல மையத்தில் இருபது மணி நேரம் சேவை’ என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தார்கள்.

தாக் போமிக்கு அப்போது பதினேழு வயது. தென்கொரியாவில் சோல்ஜின் துறைமுகத்துப் பெண். அவள் அப்பா கணவாய் மீன் பிடிக்கிற படகில் போகிறவர், அம்மாவுக்கு மீன் சந்தையில் ஒரு கடை. நாலாம் வகுப்பிலேயே மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரமாக இருந்ததால் ஹேண்ட்பால் கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அன்று நின்றவள்தான். இப்போது உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு. மாகாணத்தில் அவளை மாதிரி கோல்கீப்பர் இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு, அவளுக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் மேட்டில் இருந்தது மாற்றுத்திறனாளிகள் மையம். சனிக்கிழமை பிற்பகல்களில் அதன் மாடியில் பன்னிரண்டு பேர் ஹேண்ட்பால் பழகிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இருபதைத் தாண்டியவர்கள், அறிவு வளர்ச்சியில் சற்று வேறுபட்டவர்கள். அந்தக் குழுவைப் பார்த்துக்கொண்ட மேங் டீச்சர், தாளை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“கோல்கீப்பரா? நிஜமாவா? நாங்க ரெண்டு வருஷமா கோலுக்கு முன்னால ஒரு நாற்காலியத்தான் போட்டு வச்சிருக்கோம். வாம்மா, வா.”

சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் பள்ளியில் பயிற்சி. பந்து பட்டுப் பட்டுத் தொடையெல்லாம் சிவந்திருக்கும். கடற்பாசியில் சோற்றைச் சுற்றிய கிம்பாப் ஒன்றைக் கடித்துக்கொண்டே மேடேறி இரண்டரைக்குள் மையத்துக்குப் போய்விட வேண்டும். இப்படி ஏழு சனிக்கிழமைகள் போயின. தண்டனை தீர்ந்தது. தாளில் மேங் டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எட்டாவது சனிக்கிழமையும் போமி போய் வாசலில் நின்றாள்.

“உன் மணிக்கணக்கு முடிஞ்சு போச்சே?” என்றார் டீச்சர்.

“ஆமா டீச்சர்.”

“அப்புறம்?”

“என் ஷூ பையை இங்க வச்சுட்டுப் போயிட்டேன்.”

ஷூ பை என்று ஒன்று அவளிடம் இருந்ததே இல்லை. டீச்சர் பாவம், அலமாரியெல்லாம் திறந்து பத்து நிமிஷம் தேடினார். அதற்குள் மேலே பந்து தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. போமி மாடியேறிப் போய்விட்டாள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி குக் யேஜு. இருபத்தாறு வயது. மையத்தின் சலவைக்கூடத்தில் பொதுக் குளியலகங்களுக்குத் துண்டு மடித்துக் கொடுக்கிற வேலை. ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்த்துத்தான் பேசுவாள். பேசுகிறதும் அளவாகத்தான் இருக்கும். மூன்று எட்டு வைப்பாள், நிற்பாள், எறிவாள். ஒவ்வொரு முறையும் பந்து கோலின் இடது கீழ் மூலைக்குத்தான் வரும். அது எல்லோருக்கும் தெரியும், போமிக்கும் தெரியும். எட்டு வாரத்தில் யேஜு ஒரு கோல்கூடப் போடவில்லை.

ஒன்பதாவது வாரம் போமிக்கு மனசு கேட்கவில்லை. பந்து கீழே வந்தபோது கையை மேலே தூக்கினாள். வலை ஆடியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

யேஜு கைதட்டலைக் கவனிக்கவில்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்து போமியின் கையில் வைத்தாள்.

“இதை நீ விட்டுட்ட.”

“இல்லக்கா, நிஜமாவே நீங்க…”

“பந்து கீழ வந்துச்சு. உன் கை மேல போச்சு. எட்டு வாரமா கீழ வர்ற பந்துக்கு உன் கை கீழதான் போகும்.”

போமி பந்தைக் கையில் புரட்டினாள்.

“நான் போடாத கோலை எனக்குக் குடுத்துட்ட. திருப்பி எடுத்துக்கோ.”

கொடுத்த கோலை எப்படித் திருப்பி எடுப்பது? போமிக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டாள். இன்னொரு முறை எறியச் சொன்னாள். யேஜு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள், மையம் மூடுகிறவரைக்கும் திரும்பவில்லை.

சரி, இனிமேல் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த வாரம் போனாள் போமி. வந்த பந்தையெல்லாம் பிடித்தாள். கிதே என்று ஒருவன், முப்பத்தொரு வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். கோல் விழுந்துவிட்டால் கூடத்தைச் சுற்றி ஓடி, இருக்கிற எல்லோர் கையிலும் ஒரு அறை கொடுத்துவிட்டு வருவான். அந்த ஓட்டத்துக்காகத்தான் அவன் வருவதே. அன்று பதினொரு தடவை எறிந்தான். பதினொன்றும் போமியின் கையில். கடைசியில் கூடத்து நடுவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டான்.

பெஞ்சில் உட்கார்ந்து வேகவைத்த சோளம் தின்றுகொண்டிருந்த அவன் அம்மா எழுந்து வந்தார்.

“ஏம்மா, மாகாணத்துலயே பெரிய கோல்கீப்பர்னு சொல்றாங்க உன்னை. அந்தத் திறமையை என் மகன்கிட்டத்தான் காட்டணுமா?”

“இல்லம்மா, போன வாரம் யேஜு அக்கா வந்து…”

“யேஜு கதை யேஜுவோட. இவன் வாரம் பூரா உக்காந்து அட்டைப்பெட்டி மடிக்கிறான். சனிக்கிழமை ஒரு ஓட்டம் ஓடணும்னு ஆசை. அது உனக்குக் குத்துதா?”

போமி மேங் டீச்சரிடம் ஓடினாள். டீச்சர் யாருடையதோ மருந்து டப்பாவைத் தேடிப் பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தார். “அவங்கவங்ககிட்டயே கேட்டுட்டுப் போயேன். இதுல என்ன இருக்கு?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

கேட்டாள். கிதே, “விடு! எல்லாத்தையும் விடு!” என்றான். யேஜு, “விடாதே” என்றாள். சுன்யே என்று நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ரொம்ப யோசித்துவிட்டு, “மொதல்ல விடு, அப்புறம் விடாதே, அப்புறம் உன் இஷ்டம். எது எதுன்னு எனக்குச் சொல்லிடாதே” என்றாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமை பிற்பகல்களில் போமியின் கைக்கு ஒரே குழப்பம். ஒருத்தர் எறிந்தால் தடுக்க வேண்டும், அடுத்தவர் எறிந்தால் தடுக்கிற மாதிரி போய்த் தடுக்காமல் இருக்க வேண்டும். சுன்யே எறிகிறபோது என்ன செய்ய வேண்டும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். காலையில் பள்ளியில் அதே கைதான். ஜூன் கடைசியில் ஒரு நாள் பயிற்சியில் கேப்டன் யூரா எறிந்த சாதாரணப் பந்து ஒன்று போமியின் இடுப்பை உரசிக்கொண்டு உள்ளே போனது. அடுத்ததும் போனது.

“என்னடி, அன்னதானமா பண்ற?” என்றாள் யூரா. அவள் மூன்றாம் ஆண்டு, இது அவளுடைய கடைசிக் கோடை.

“தெரியலக்கா. வர்றது தெரியுது. கை போக மாட்டேங்குது.”

“அங்க போயி விட்டு விட்டு உன் கை கெட்டுப் போச்சு. உன் தண்டனைதான் எப்பவோ முடிஞ்சதே, இன்னும் எதுக்குடி போற?”

“எனக்கும் அதான் தெரியல.”

“நல்லா இருக்கு! கேட்டா எல்லாத்துக்கும் தெரியல.”

அன்று மாலை போமி மீன் கடையில் அம்மாவுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா கணவாயின் குடலை உருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, நீ யார்கிட்டயாவது வேணும்னே தோத்திருக்கியா?”

“உங்கப்பாகிட்டத்தான். அவர் கரையில இருக்கற நாளெல்லாம். சீட்டு விளையாட்டுல.”

“ஏன்?”

“ஜெயிச்சுட்டேன்னா விடுவாரா? இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம்னு உசிரை எடுப்பாரு. தோத்துட்டா ஜெயிச்ச சந்தோஷத்துல குறட்டை விட ஆரம்பிச்சுடுவாரு.”

“அப்பாவுக்கு அது தெரியுமா?”

“அவருக்கு எங்க தெரியப் போகுது!” என்று சிரித்த அம்மா, சட்டென்று கத்தியை நிறுத்தினார். “ஏண்டி, தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சுக்கிட்டுத்தான் சும்மா குறட்டை விடறாரோ?” கொஞ்ச நேரம் கணவாயையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நிம்மதியா இருந்தேன். வந்து என்னத்தையோ கெளப்பி விட்டுட்ட. போ, போயி ஐஸ் அள்ளிட்டு வா.”

ஜூலையில் தேபெக் மலையில் தேசியப் பள்ளிகள் போட்டி. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு போமி வலது முழங்காலைச் சுளுக்கிக்கொண்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, பட்டை ஒட்டினால் ஆடலாம் என்றார் மருத்துவர். மாற்றுக் கோல்கீப்பராக இருந்த முதலாண்டுப் பெண்ணுக்கோ மணிக்கட்டு விட்டுப்போய் மாவுக்கட்டு. ஆக, போமி இல்லாமல் முடியாது.

பிரிவில் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றார்கள். மூன்றாவது ஆட்டம் தெற்கே ஜொல்லா கடற்கரையிலிருந்து வந்த ஒரு பள்ளியோடு. இரண்டு அணிகளும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டன. யார் பிரிவில் முதலிடம் என்பதுதான் பாக்கி. அதில்தான் சிக்கல். குலுக்கலில் விழுந்தபடி, முதலிடம் பிடிப்பவர்கள் அரையிறுதியில் சியோல் அணியைச் சந்திக்க வேண்டும். வந்த ஒவ்வொரு அணியையும் பத்துப் பத்துக் கோல் வித்தியாசத்தில் அடித்து அனுப்பிக்கொண்டிருந்த அணி அது. இரண்டாமிடத்துக்கு வருபவர்களுக்குக் கிடைப்பது சுமாரான ஓர் அணி. பதக்கம் கிடைத்தால்தான் யூராவைப் போன்ற மூன்றாமாண்டுப் பெண்களைத் தொழில்முறை அணிகள் ஏறெடுத்துப் பார்க்கும். இது மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் வாய் திறந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது பாங் கோச் போமியை நடைவழியில் நிறுத்தினார். சத்தம் போட்டுப் பேசியே அறியாத மனுஷர். வாயில் எப்போதும் ஜின்செங் மிட்டாய் ஒன்று உருண்டுகொண்டிருக்கும்.

“முழங்கால் எப்படி இருக்கு?”

“பரவால்ல சார்.”

“இன்னிக்கு ரொம்ப நீட்டி விழ வேணாம். போறது போகட்டும். நாளைக்கு நீ எனக்கு வேணும்.”

“சார், அப்படின்னா…”

“அப்படின்னா அப்படித்தான்.” மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

போமி உடைமாற்றும் அறைக்கு வந்தாள். கோச் மற்றவர்களிடமும் ஏதாவது சொன்னாரா? யூரா ஷூ நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். எப்போதும் இப்படித்தான் கட்டுவாளா, இன்றைக்குத்தான் கட்டுகிறாளா? இத்தனை நாளாக அதைப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லையே என்று போமிக்கு எரிச்சலாக வந்தது.

பார்வையாளர் பக்கத்தில் மையத்து ஆட்கள் வேனில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேங் டீச்சர் இதையே கோடைச் சுற்றுலாவாக ஏற்பாடு செய்துவிட்டார். கிதே ஒரு கொடி செய்துகொண்டு வந்திருந்தான். யேஜு இரைச்சல் தாங்காமல் பெரிய காதுமூடி மாட்டிக்கொண்டு, மடியில் கை வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் உண்மையான ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஹேண்ட்பாலில் ஒன்று உண்டு. பத்துப் பந்தில் நாலைத் தடுத்தால் அந்தக் கோல்கீப்பரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். மீதி ஆறு உள்ளே போனதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. அன்று போமியை அலைக்கழித்தது இந்த விஷயம்தான். ஆறு பந்து எப்படியும் போகும். அதில் எது தானாகப் போனது, எது அவள் அனுப்பியது என்று யார் கண்டார்?

ஆட்டம் ஒரு மாதிரி சுரத்தில்லாமல்தான் நடந்தது. ஓடினார்கள், ஆனால் பாய்ந்து ஓடவில்லை. போமி தடுத்தாள். தடுத்ததும், ‘தடுத்திருக்கக் கூடாதோ?’ என்று நினைத்தாள். ஒன்று உள்ளே போனதும், ‘ஐயோ, இதை நான் விட்டேனா?’ என்று பதறினாள். கோச்சைத் திரும்பிப் பார்த்தால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து மிட்டாய்க் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிடத்தில் இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. எதிரணியின் ஒன்பதாம் எண், இடக்கைக்காரி, தூரத்திலிருந்தே எறிந்தாள். வேகமில்லை. சுழற்சியில்லை. இடுப்பு உயரத்தில், தூக்கத்தில்கூடப் பிடித்துவிடக்கூடிய பந்து. போமி அதைப் பார்த்தாள். அதன் தையல்கூடத் தெரிந்தது. கை கிளம்பியது. அல்லது கிளம்பியதாக அவள் நினைத்தாள். முழங்கால் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் வலை ஆடியது.

இருபத்து நான்கு. ஆட்டம் முடிந்தது.

தோற்ற பக்கத்தில் யாரும் அழவில்லை. அதைவிட விசித்திரம், ஜெயித்த பக்கத்தில் யாரும் குதிக்கவில்லை. ஒன்பதாம் எண் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

போமி தடுப்புக் கம்பி ஓரமாக வந்தபோது யேஜு காதுமூடியைக் கழற்றிக்கொண்டு அவளே எழுந்து வந்தாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் போமி அதற்கு முன் பார்த்ததில்லை.

“நாப்பது வந்துச்சு. பதினாறு புடிச்ச. இருபத்து நாலு போச்சு. நீ யாருக்கும் விடல. இதான் நிஜ ஆட்டம்.”

போமி கம்பியின் மேல் குனிந்தாள். “அக்கா, கடைசிப் பந்துக்கு என் கை எங்க போச்சு? பாத்தீங்களா?”

“கிதே கொடியை ஆட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னுட்டான். வலைதான் தெரிஞ்சது.”

நம்பி வந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. போமி தண்ணீர் வாங்க நடைவழிக் கோடியில் இருந்த இயந்திரத்துக்குப் போனாள். அங்கே ஒன்பதாம் எண் சட்டை. அரிசிப் பானம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தாள் அந்தப் பெண்.

“நீங்க எத்தனாவது வருஷம்?” என்றாள் அவள், தெற்கத்தி இழுவையோடு.

“ரெண்டாவது.”

“நானும்தான். அப்ப வா போன்னே பேசலாம். என் பேரு தாமி.”

“நான் போமி.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டுவிட்டாள். “ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசிப் பந்தை நான் விட்டுட்டேனோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. உனக்கு அப்படித் தோணுச்சா?”

தாமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “விட்டியா?”

“தெரியல. அதான் உன்னைக் கேக்கறேன்.”

“அடிப்பாவி! நீ புடிச்சுடுவேன்னு நம்பித்தானே எறிஞ்சேன்!”

“என்னது?”

“உன் கைக்கு நேரா எறிஞ்சேன்டி. குழந்தைக்குப் போடற மாதிரி. எங்க கோச் மேடம் ஆட்டத்துக்கு முன்னால, ‘கடைசி நேரத்துல அவசரப்படாதே, ஜெயிச்சு என்ன ஆகப் போகுது’ன்னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு நீயே சொல்லு. நீ மாகாணத்துலயே பெரிய கீப்பராமே! அதைக் கூடவா புடிக்க மாட்ட? சமன்ல முடிஞ்சிருந்தா கோல் கணக்குல நீங்கதான் முதலிடம். இப்ப நாளைக்கு அந்த சியோல்காரிங்ககிட்ட நாங்க மாட்டிக்கிட்டோம். உள்ள எல்லாரும் என்னைப் பாக்கற பார்வையைப் பாக்கணுமே.”

முதலில் தாமிக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் போமிக்கு. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

“நான் ஆட ஆரம்பிச்சு ஆறு வருஷம்,” என்றாள் தாமி. “வெற்றிக் கோல்னு போட்டது இதான் முதல் தடவை. எங்கப்பா வீடியோ எடுத்து ஊர்ல ஒருத்தர் விடாம அனுப்பிட்டாரு.” பானத்தை ஒரு மடக்கு குடித்தாள். “அவரை இங்க எங்கயாவது பாத்தியானா இதெல்லாம் சொல்லிடாதே, என்ன?”

“சொல்ல மாட்டேன்.”

மறுநாள் காலை, சாப்பாட்டுக் கூடத்தில் சோயா விழுதுக் குழம்பை ஊதிக்கொண்டிருந்த பாங் கோச் முன்னால் போய் நின்றாள் போமி.

“சார், நேத்து நீங்க என்கிட்ட சொன்னது…”

“என்ன சொன்னேன்? முழங்காலைப் பாத்துக்கோன்னேன்.”

“போறது போகட்டும்னீங்க.”

“ஆமா. கையைத் தாண்டிப் போனது போகட்டும், அதையே நெனச்சு உருகாதேன்னேன். உனக்குத்தான் கடிகாரத்தை உடைக்கிற அளவுக்குக் கோபம் வருமே.” கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நீ என்னன்னு நெனச்ச?”

அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போ கண்சிமிட்டலோ இருக்கிறதா என்று போமி தேடினாள். இல்லை. நிஜமாகவே அவருக்கு ஒன்றும் தெரியாதது மாதிரியும் இருந்தது, எல்லாம் தெரிந்த மனுஷரின் முகம் மாதிரியும் இருந்தது. “ஒண்ணுமில்ல சார்” என்று சொல்லிவிட்டு வந்து தட்டை எடுத்தாள்.

மைதானத்துக்குப் போகிற பேருந்தில் யூரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“கோச் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?”

“முழங்காலைப் பாத்துக்கச் சொன்னார்.”

“எனக்குத் தோளைப் பாத்துக்கச் சொன்னார்.”

“உங்க தோள்ல என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. அதான் எனக்கும் புரியல.”

பேருந்து ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது.

அன்று அரையிறுதியில் போமி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பத்தொன்பது பந்துகளைத் தடுத்தாள். ஐந்து கோல் வித்தியாசத்தில் வெற்றி. அந்தப் பக்கம் தாமியின் அணி சியோல் அணியிடம் பதினொரு கோல் வித்தியாசத்தில் நசுங்கியது. இறுதி ஆட்டத்தில் போமியின் அணியும் அதே சியோல் அணியிடம் தோற்றது. வெள்ளிப் பதக்கம். சோல்ஜினில் பள்ளி வாசலில் பெயர் போட்டுப் பதாகை கட்டினார்கள். யூராவைப் பார்க்க ஒரு தொழில்முறை அணியிலிருந்து ஆள் வந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. நல்லபடியாக நடந்ததுதான் போமிக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. தோற்றிருந்தால், அதையே தண்டனை என்றாவது எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை மையத்தில் யேஜு எல்லோரிடமும் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது, பதினாறு, இருபத்து நாலு. சலவைக்கூடத்து ஆட்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. போமி அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். கோச் சொன்னது, தாமி சொன்னது, அந்தப் பந்து, எல்லாம்.

யேஜு போமியின் கையைப் பார்த்தபடி கேட்டாள். “விட்டியா, விடலையா?”

“தெரியலக்கா. சத்தியமா.”

“கை உன்னோடதுதான?”

“ஆமா.”

“அப்ப எப்படித் தெரியாமப் போகும்? ஒரு துண்டைத் தப்பா மடிச்சா எனக்குத் தெரியும். யாரும் பாக்கலைன்னாலும் தெரியும்.”

“எனக்கு அந்த மாதிரி தெரிய மாட்டேங்குதுக்கா.”

யேஜு அதை ரொம்ப நேரம் யோசித்தாள். நம்பினாளா நம்பவில்லையா என்று சொல்ல முடியவில்லை. “எனக்கு வேலை இருக்கு” என்று கீழே இறங்கிப் போனாள். அன்று சனிக்கிழமை, சலவைக்கூடம் விடுமுறை.

அதற்கடுத்த வாரம் அவள் மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மேங் டீச்சரிடம் கேட்டதற்கு, “போலிங் குழுவுக்கு மாறிட்டாங்க. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம்” என்றார்.

“என் மேல கோபமா டீச்சர்?”

“காரணம் கேட்டேன். ரெண்டு சொன்னாங்க. அங்க நிக்கிற கட்டை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதாம். அது ஒண்ணு.”

“இன்னொண்ணு?”

“அங்க குடுக்கற ஷூ செவப்பா இருக்காம். இதுல எது பெரிய காரணம்னு என்னைக் கேக்காதே.”

போமி சனிக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தாள். கிதேவுக்கு விட்டாள். அவன் ஓடி வந்து கையில் அறைந்தபோது வலித்தது, சிரிப்பும் வந்தது. சுன்யே எறிந்தபோது பாதி விட்டாள், பாதி தடுத்தாள், எது எது என்று சொல்லவில்லை. பாங் கோச் எப்போதும் போல மிட்டாய் மென்றார். தாமி அவ்வப்போது ஏதாவது படம் அனுப்புவாள். ஒரு முறை அவள் அப்பா அந்த வெற்றிக் கோலைப் பெரிய படமாக்கிச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்ததை அனுப்பினாள். படத்தில் போமியின் கை மங்கலாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். மேலே போகிறதா கீழே போகிறதா, அதுகூடத் தெரியவில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை பள்ளிப் பயிற்சி இல்லை. மையத்தில் ஆட்டம் முடிந்ததும் போமி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த போலிங் கூடத்துக்குப் போனாள். மையத்து ஆட்கள் ஐந்து பேர் ஒரு தடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். யேஜு சிவப்பு ஷூவில் நின்றிருந்தாள். போமியைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. போமியும் ஒரு ஜோடி ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்தது. பந்து நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கையை வீசி உருட்டினாள். பந்து நாலு அடி ஓடி ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து, கட்டைகள் பக்கமே போகாமல் உருண்டு மறைந்தது. மையத்து ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“நான் வேணும்னு பண்ணலக்கா,” என்றாள் போமி அவசரமாக.

“தெரியும். உனக்கு ஆடத் தெரியல.” யேஜு இன்னொரு பந்தைக் காட்டினாள். “ஒருத்தருக்கு ரெண்டு. இன்னும் ஒண்ணு இருக்கு.”

“எப்படிப் புடிக்கணும்?”

“கட்டை விரல் உள்ள. முழங்கையை மடக்காதே. ரொம்ப யோசிக்காதே, பின்னால ஆள் நிக்குது.”

போமி உருட்டினாள். பந்து தள்ளாடித் தள்ளாடிப் போய் ஓரத்தில் இரண்டு கட்டைகளைச் சாய்த்தது. மூன்றாவது ஒன்று ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது, விழவில்லை. அந்த இரண்டும் எப்படி விழுந்தன, மூன்றாவது ஏன் விழவில்லை என்று போமி அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நகரு,” என்றாள் யேஜு, தன் பந்தை எடுத்துக்கொண்டு. “என் முறை.”